மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தால்

மாலை 5 மணிக்கு மேல், கேரள எல்லை ஊரான குமுளியில் எங்கள் மருந்துக்கடை இருக்கும் தெருவில் ஜீப்புகள் வரிசையாக வந்து நிற்கும். ஏலத்தோட்டங்களில் வேலை முடித்துத் தமிழ்நாட்டுப் பக்கம் கூடலூருக்கும் கம்பத்துக்கும் மலையிறங்கும் பெண்கள், வண்டி புறப்படுவதற்குள் கிடைக்கும் சில நிமிடங்களில்தான் வீட்டுக்கு வேண்டிய சாமானையும் வாங்குவார்கள், மாத்திரையையும் வாங்குவார்கள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அப்படி வந்த ஓர் அம்மா, காலியான மாத்திரை அட்டை ஒன்றை மேசைமேல் வைத்து, "இதுல பத்து குடு தம்பி, ஜீப்பு நிக்குது" என்றார். அட்டையை நான் கையில் எடுக்கும்போதே, "அப்படியே தலசுத்தலுக்கும் ஒண்ணு குடு" என்றார்.

அந்த இரண்டாவது கோரிக்கைதான் என்னை நிறுத்தியது. எப்போது தலை சுற்றுகிறது என்று கேட்டேன். காலையில் ஒன்பது, ஒன்பதரைக்குமேல் தோட்டத்தில் நிற்கும்போது உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுவதாகவும், கை நடுங்குவதாகவும், 10 மணிக்குக் கஞ்சி குடித்ததும் சரியாகிவிடுவதாகவும் சொன்னார். கஞ்சி குடித்ததும் சரியாகிவிடுகிற தலைசுற்றலுக்குத் தலைசுற்றல் மாத்திரை கொடுப்பது பெரும் பிழை. பையில் இருக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டச் சொன்னேன்.

மஞ்சள் துணிப்பையிலிருந்து மூன்று இடத்து மருந்துகள் வந்தன. தமிழ்நாட்டு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் ஒன்று. கம்பத்துப் பக்கம் ஒரு தனியார் மருத்துவர் எழுதிய இன்னொரு சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் ஒன்று. குமுளியில் காய்ச்சலுக்குப் போனபோது சர்க்கரை கூடியிருப்பதைப் பார்த்து இங்குள்ள மருத்துவர் எழுதிய, கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை ஒன்று. மூன்றும் வெவ்வேறு நிறம், வெவ்வேறு பெயர். மூன்றையும் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தார். அட்டைகளைத் திருப்பி, கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த மருந்தின் மூலப்பெயரைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால், இரண்டு அட்டையிலும் அந்தச் சொல் ஒரே வடிவத்தில் இருப்பதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இதோடு முடியவில்லை. கிளிமிபிரைடு காலை உணவுக்கு முன் சாப்பிட வேண்டிய மாத்திரை என்பதால் சீட்டில் 1-0-0, அதாவது தினமும் காலையில் மட்டும் ஒன்று என்றும், 'சாப்பாட்டுக்கு முன்' என்றும் எழுதியிருந்தார்கள். எழுதிய மருத்துவரின் கணக்கில் அது உணவுக்கு 15 நிமிடமோ அரைமணி நேரமோ முன்பு. இந்த அம்மாவோ 4 மணிக்கு எழுந்து சமைத்து, 5 மணிக்குக் கடுங்காப்பியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 6 மணி ஜீப்பில் ஏறி, 10 மணிக்குத்தான் முதல் உணவைச் சாப்பிடுகிறார். சர்க்கரையை இறக்கும் மருந்து இரட்டை அளவில் உள்ளே போய், ஐந்து மணி நேரம் உணவே வராத உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தது. சரிவில் நின்று ஏலக்காய் பறிக்கிறவருக்கு அந்த நேரத்தில் மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதை நான் இங்கே விரிக்கப் போவதில்லை.

குமுளி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். முதல் முறை எடுக்கவில்லை. ஜீப் ஓட்டுநர் இரண்டு முறை ஒலி எழுப்பிவிட்டு, பிறகு இறங்கி வந்து பார்த்து, பேசாமல் நின்றுகொண்டார். இரண்டாம் முறை மருத்துவர் எடுத்தார். கேட்டு முடித்ததும், 2 மில்லிகிராம் மாத்திரையை அன்றோடு நிறுத்தவும், மறுநாள் காலை வெறும் வயிற்றில் எந்தச் சர்க்கரை மாத்திரையும் போடாமல் பையோடு தன்னிடம் வரவும் சொன்னார்.

இந்த நிகழ்ச்சியில் எந்த மருத்துவரும் தவறாக எழுதவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொருவரும் தம் கண்ணுக்கு முன்னால் இருந்த நோயாளிக்குத் தமக்குத் தெரிந்த விவரத்தை வைத்துச் சரியான மருந்தையே எழுதினார்கள். ஆனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியவில்லை. எல்லையின் இரு புறமும் காலூன்றி வாழ்கிறவர்களுக்கு இரண்டு மாநிலத்து மருத்துவம், இரண்டு எழுத்து, இரண்டு அரசுத் திட்டங்கள். இவை அத்தனையும் ஒன்றாக வந்து விழும் ஒரே இடம் மருந்துக்கடை மேசை. மருத்துவர் தம் அறையில் பார்ப்பது ஒரு சீட்டு. மருந்தாளுநர் கேட்டால் பார்க்கக்கூடியது முழுப் பை. பாதுகாப்பான மருந்துச் சீட்டு என்பது மருத்துவரின் கையெழுத்தோடு முடிந்துவிடுவதில்லை, மருந்தாளுநர் அதைப் படித்து, பையோடு ஒப்பிட்டு, ஐயம் இருந்தால் எழுதியவரிடமே திருப்பிக் கேட்ட பிறகுதான் முடிகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நன்கு ஒழுங்கமைந்த நாடுகளிலும் சீட்டுகளில் பிழை வருகிறது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளை ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எழுதப்பட்ட மருந்துகளில் 20-க்கு 1 என்ற அளவில் ஏதோ ஒரு பிழையோ கண்காணிப்புக் குறைபாடோ இருந்தது. கடுமையான பிழை ஏறத்தாழ 550-க்கு 1. அதே ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்த பின்சர் என்ற ஆய்வு 72 குடும்ப மருத்துவ நிலையங்களில் நடந்தது. அங்கே மருந்தாளுநர்கள் கணினிப் பதிவேடுகளில் ஆபத்தான சேர்க்கைகளைத் தேடி எடுத்து, மருத்துவர்களோடு உட்கார்ந்து திருத்தினார்கள். வயிற்றுப்புண் வந்தவருக்குப் பாதுகாப்பு மருந்தில்லாமல் வலி மாத்திரை, ஆஸ்துமா உள்ளவருக்கு ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர், சிறுநீரகப் பரிசோதனையே செய்யாமல் முதியவருக்கு நீண்டகால ரத்த அழுத்த மருந்து போன்றவை அவர்கள் தேடியவை. இப்பிழைகள் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தன. அவர்கள் தேடிய பட்டியலைப் படித்தபோது நான் வியந்தேன், ஏனென்றால் அந்த மூன்றும் எங்கள் மேசைக்கு வாராவாரம் வருகிறவை. அவர்களுக்குக் கணினிப் பதிவேடு இருந்தது. எங்களுக்கு இருப்பது மஞ்சள் பை.

நம் நாட்டுச் சட்டம் இந்தப் பொறுப்பை எங்களுக்குத் தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2015-இல் வெளியான மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறைகள், மருந்தாளுநர் ஒவ்வொரு சீட்டையும் ஆராய்ந்து, ஒரே வகை மருந்து இரட்டிக்கிறதா, ஒரு மருந்து மற்றொன்றோடு மோதுகிறதா, அளவும் காலமும் சரியா, ஒவ்வாமை உண்டா என்று பார்க்க வேண்டும் என்றும், நோயாளியிடம் தாமே பேச்சைத் தொடங்கி விளக்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்கின்றன. 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் சீட்டைப் பார்த்து மருந்து வழங்குவதைத் தடுக்கிறது. ஆயினும், சான்றிதழ் சுவரில் தொங்க, மருந்தைப் பற்றி எதுவும் படிக்காதவர் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும் கடைகள் எத்தனை என்பது வாங்கப் போகிற எல்லோருக்கும் தெரியும். இந்தத் தொழிலில் இருப்பவனாக இதை எழுத எனக்கு வேதனையாக இருக்கிறது. சுவரில் இருக்கும் சான்றிதழ் யாரிடமும் 'எப்போது தலை சுற்றுகிறது' என்று கேட்காது.

எல்லைப்புறத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து எழுத்து. குமுளியில் காய்கறி வியாபாரம் செய்யும் ஒருவர் வாய்ப்புண்ணுக்குத் தடவும் மருந்து கேட்டு வந்தார். உதட்டின் உட்புறமும் நாக்கின் ஓரமும் வெந்தது போல் இருந்தன. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா, அண்ணாச்சி என்று கேட்டதற்கு, முடக்குவாதத்துக்கு மலைக்கு மேற்கே ஒரு மருத்துவமனையில் காட்டி, புதிதாக மாத்திரை தொடங்கி ஐந்து நாள் ஆகிறது என்றார். வீட்டுக்கு ஆளனுப்பி அதை எடுத்துவரச் செய்தேன். மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம், மூன்று மூன்றாகச் சாப்பிட வேண்டியது. வாரத்தில் ஒரே ஒரு நாள்.

இந்த மருந்தைத் தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே நெஞ்சு பதறும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டுமே தரப்படுகிறது. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி ஒடுங்கி உயிருக்கே ஆபத்தாகும். வாய்ப்புண் அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. உலகெங்கும் இந்த ஒரே பிழையால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். மருத்துவர் சீட்டின் ஓரத்தில் மலையாளத்தில், 'ஆழ்ச்சயில் ஒரிக்கல்' என்று எழுதித்தான் இருந்தார். வாரத்தில் ஒரு முறை என்று பொருள். காதால் கேட்டிருந்தால் 'வெள்ளியாழ்ச்ச, ஞாயறாழ்ச்ச' என்று தினமும் கேட்டுப் பழகிய இவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் மலையாள எழுத்து அவருக்குத் தெரியாது. மருந்து வாங்கிய கடையில் கவரின் மேல் யாரோ பழக்கத்தில் 1-0-0 என்று போட்டிருந்தார்கள். அவர் எண்ணைப் படித்தார், எண் சொன்னபடி செய்தார். கூடவே கொடுத்திருந்த ஃபோலிக் அமிலமும் அதே போன்ற மஞ்சள் நிறச் சிறு மாத்திரைதான் என்பதால், எது எந்த நாளுக்கு என்பது இன்னும் குழம்பியிருந்தது.

தடவும் மருந்தை நான் விற்கவில்லை. மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அன்றே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன. ஃபோலினிக் அமில ஊசி போட்டு, இரண்டு வாரம் உள்நோயாளியாக வைத்திருந்து காப்பாற்றினார்கள். இன்று அவர் நலமாகக் கடை நடத்துகிறார். அன்றிலிருந்து மெத்தோட்ரெக்சேட் யார் வாங்கினாலும், கவரின் மேல் எண்ணே போடுவதில்லை. 'புதன்கிழமை மட்டும்' என்று அவரவர் படிக்கும் எழுத்தில் கிழமையின் பெயரை எழுதி, அதை அவர் வாயால் ஒரு முறை திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே கொடுக்கிறேன்.

மொழியைப் பற்றி இன்னொன்று. தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகள் என்பதாலேயே ஏமாற்றவும் செய்யும். 'வெறும் வயற்றில்' என்று மலையாளி சொன்னால் நமக்கு அப்படியே விளங்கிவிடும். ஆனால் மலையாளத்தில் 'வைகுந்நேரம்' என்றால் மாலை. தமிழில் வைகறை என்றால் விடியற்காலை. புரிந்துவிட்டது என்று தலையாட்டுகிற நோயாளியிடம்தான் நான் இப்போது அதிகம் கேட்கிறேன்.

என் கையால் நடந்த தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதை மறைத்துவிட்டு மேலே எழுதியவற்றை எழுதும் தகுதி எனக்கு இல்லை. மருந்தாளுநர் பட்டயப் படிப்பான டி.ஃபார்ம் முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டுகளில், ஒரு தோட்டத்தின் இரவுக் காவலாளி முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதிய சீட்டோடு வந்தார். ஐந்து நாளுக்கான சீட்டு. கொடுத்தேன். அடுத்த வாரம் அதே சீட்டோடு வந்தார், கொடுத்தேன். வலி கேட்கிறது என்று நன்றியோடு சொன்னார். அதனால் அடுத்தடுத்தும் கொடுத்தேன். இரண்டு மாதம் ஆகியிருக்கும். காலில் வீக்கத்தோடும் மூச்சிரைப்போடும் அவரை மகன் கைத்தாங்கலாக அழைத்துப் போனதை மேசையில் நின்றுதான் பார்த்தேன். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலும், நீர் பிரிவதற்கு ஃபுரோசமைடும் அவர் பல ஆண்டுகளாக வேறு இடத்தில் வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார். நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும் என்பது பாடத்தில் படித்ததுதான். சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயை வலி மாத்திரை சுருக்குகிறது. ரத்தம் வெளியேறும் குழாயை எனலாப்ரில் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடம்பில் ஓடும் நீரின் அளவையே குறைக்கிறது. வடிகட்டத் தேவையான அழுத்தம் உள்ளே இல்லாமல் போகிறது. தேர்வில் இதற்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். மேசையில் நின்றபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை, ஏனென்றால் பையைக் கேட்கவில்லை, சீட்டின் தேதியையும் பார்க்கவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் பழைய அளவுக்கு இறங்கவே இல்லை. அவர் என்னை ஒரு சொல்லும் சொன்னதில்லை. இன்றும் வழியில் பார்த்தால் நின்று பேசிவிட்டுத்தான் போகிறார்.

அதற்குப் பிறகுதான் மருத்துவரை அழைத்துக் கேட்கும் பழக்கத்தை வளர்த்துக்கொண்டேன். இளம் மருந்தாளுநர்களுக்கு இதில் பெரும் தயக்கம் இருப்பதை நான் அறிவேன். படித்த மருத்துவரிடம் கடைக்காரன் கேள்வி கேட்பதா என்ற எண்ணம் இரு பக்கமும் இருக்கிறது. என் அனுபவத்தில், கேட்கும் முறை பாதி வேலையைச் செய்துவிடும். நோயாளியின் காதுபட "இது தவறாக எழுதப்பட்டிருக்கிறது" என்று சொல்லவே கூடாது. அது மருத்துவர்மேல் அவருக்கிருக்கும் நம்பிக்கையை உடைக்கும், நாளை தேவையான மருந்தையும் அவர் நிறுத்திவிடுவார். சற்றுத் தள்ளி நின்று, "டாக்டர், உங்களிடம் வந்தவர் இதே மருந்தை வேறு பெயரில் ஏற்கெனவே சாப்பிடுகிறார், எதை நிறுத்தச் சொல்லட்டும்?" என்று கேட்டால், கோபப்படுகிறவர் மிகக் குறைவு. எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் மருந்தை மாற்ற எனக்கு உரிமை இல்லை. நிறுத்திவைத்துக் கேட்கும் கடமை உண்டு. ஒவ்வோர் அழைப்பையும் தேதி, மருந்து, மருத்துவர் சொன்ன பதில் ஆகியவற்றோடு ஒரு நீள நோட்டில் எழுதி வைக்கிறேன். அந்த நோட்டைப் புரட்டினால், மீண்டும் மீண்டும் வருபவை ஒரு சில மருந்துகளே என்பது தெரிகிறது. தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்குவது, ரத்தக்குழாய் அடைப்புக்குத் தரும் குளோபிடோக்ரெலுடன் வயிற்று அமிலத்துக்கான ஓமிப்ரசோல் சேர்ந்து வருவது, இரண்டு இடத்தில் இரண்டு வலி மாத்திரை.

ஆன்டிபயாட்டிக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனைகள் தொடங்கின. அவற்றை நீல நிறக் கவரில் போட்டுக் கொடுக்கும் முறையும் வந்தது. எழுத்தறியாதவருக்கும் நிறம் தெரியும் என்பதால் எனக்கு அந்த நீலக் கவர் மிகவும் பிடித்திருக்கிறது. "இங்க தரலேன்னா கீழ போய் வாங்கிக்குவேன்" என்று சிலர் கோபிக்கிறார்கள். மலைக்குக் கீழேயும் சட்டம் இதேதான். வலிமையான ஆன்டிபயாட்டிக்குகள் பல அடங்கிய ஹெச்-1 அட்டவணை 2014 மார்ச் முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. அந்த மருந்துகளை யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கோபித்துக்கொண்டு போனவர்களில் பலர் திரும்பி வருகிறார்கள்.

மருத்துவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சீட்டில் உங்களை நேரடியாக அடையக்கூடிய ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும். எந்த நோய்க்காக எழுதினீர்கள் என்பதை ஒரு சொல்லில் குறித்தால், மருந்து மாறிப்போனாலோ அளவு பொருந்தாமல் போனாலோ எங்களால் உடனே கண்டுகொள்ள முடியும். மூலப்பெயரைப் பெரிய எழுத்தில் எழுதும்படி மருத்துவக் கவுன்சில் 2016-லேயே சொல்லியிருக்கிறது. இரண்டு மாநிலத்து அட்டைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை எழுதுகிறவர்கள் அறிந்தால் நன்றாக இருக்கும்.

வாங்க வருகிறவர்களிடம் கேட்பது இன்னும் எளிது. பையோடு வாருங்கள். சாப்பிட்டு முடித்தது, பாதியில் விட்டது, பக்கத்து வீட்டில் கொடுத்தது, நாட்டு மருந்து எல்லாமும் அதில் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் வந்த அந்த அம்மா, மருத்துவர் சொன்னபடி மறுநாள் வேலைக்குப் போகாமல் பையோடு அவரிடம் போனார். ஒரு நாள் கூலி போயிற்றே என்று வருந்தினார், அந்த வருத்தம் நியாயமானது. கம்பத்து மருத்துவரின் சீட்டையும் பார்த்துவிட்டு, அவரிடமும் தொலைபேசியில் பேசி, கிளிமிபிரைடை ஒரே ஒரு மாத்திரையாகக் குறைத்து, வீட்டுக்கு வரும் மெட்ஃபார்மினையும் கணக்கில் சேர்த்துப் புதிய சீட்டு எழுதினார் குமுளி மருத்துவர். மாலையில் அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எழுதிய மருத்துவர் மலையாளி. சீட்டில் 1-0-0 என்று இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்த இடத்தில், '10 மணி, கஞ்சி' என்று தமிழ் எழுத்தில், யாரிடமோ கேட்டு எழுதியது போலக் கோணல்மாணலாக எழுதியிருந்தது.